கையில் இருப்பதைப் பிடுங்காதீர்கள், சொல்லிக்கொடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காலை காபியோடு படிக்கிறவர்கள் இரண்டாவது டம்ளரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் கடைசியில் உள்ள மூன்று வேண்டுகோள்களை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் நான் வீடியோ கேம் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருக்கும் படத்தை என் மருமகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அது எப்படியோ நம் பழைய மாணவர்கள் குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "சார், உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல இதெல்லாம்?" என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். "ஹோம்வொர்க் முடிச்சிட்டீங்களா சார்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அவன் யாரென்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் ஒருநாள்கூட வீட்டுப்பாடம் முடிக்காதவன் அவன்தான். எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

கோடை விடுமுறைக்குப் பேரனும் பேத்தியும் வந்திருக்கிறார்கள். பேரனுக்குப் பதினொன்று, பேத்திக்கு எட்டு. வரும்போது ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 பெட்டியையும் கொண்டுவந்தார்கள். அதோடு ஒயர் இல்லாத கன்ட்ரோலர்கள் இரண்டு. கூடத்து டிவியில் மாட்டினார்கள். ஒரு கன்ட்ரோலர் உடனே வேலை செய்தது. இன்னொன்று செய்யவில்லை. நடுவில் உள்ள பட்டனை அழுத்தினால் அதன் நெற்றியில் உள்ள விளக்கு வெள்ளையாக மினுக் மினுக்கென்று அடித்துவிட்டு அணைந்துபோகும். அவ்வளவுதான்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஓடுவது ஒரே கன்ட்ரோலர். அப்புறம் என்ன நடக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் ஆடுவான், தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். பத்து நிமிடம் கழித்து அவளிடம் கொடுத்தால், "அப்படி இல்லடி, இப்படி" என்று மறுபடியும் வாங்கிக்கொள்வான்.

வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பேசுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். நானும் பேசியவன்தான். ஆனால் அந்த நான்கு நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். ஒரு கன்ட்ரோலர் இருந்தால் பிள்ளை டிவியோடு விளையாடுகிறது. இரண்டு இருந்தால் இன்னொரு பிள்ளையோடு விளையாடுகிறது. நம் காலத்தில் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும் அல்லவா, அதே கணக்குத்தான். ஆகவே அந்த இரண்டாவது கன்ட்ரோலர் எனக்கு முக்கியமாகப் பட்டது.

என் மகன் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறான். மாடி அறையில் காதில் மாட்டிக்கொண்டு யாரிடமோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். நான் கன்ட்ரோலரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் படிக்கட்டில் இறங்கும்போது பார்த்துவிட்டான். "அப்பா, நீங்க அதைத் தொடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்றான்.

மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. நல்ல பிள்ளை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவனிடம், மின்காந்த அலையைப் பற்றி அவனுக்கே பாடம் எடுத்தவனிடம், ஒரு ரேடியோக் கருவியைக் காட்டி "தொடாதீங்க" என்றால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். அவன் வந்து பார்க்கவும் இல்லை. மீட்டிங் மேல் மீட்டிங்.

மறுநாள் நம் பள்ளியில் படித்த தம்பி ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்தார். மொபைல் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பெயர் சொன்னால் வெட்கப்படுவார். விஷயத்தைச் சொல்லி கன்ட்ரோலரை நீட்டினேன். "குடுங்க சார், நான் பண்றேன்" என்று வாங்கினார். பையிலிருந்து ஒரு ஒயரை எடுத்தார், சொருகினார், ஒரு பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது. மொத்தம் அரை நிமிடம். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. "என்னப்பா பண்ணின?" என்றேன். "ஒண்ணுமில்ல சார், சின்ன விஷயம்" என்று சிரித்துவிட்டு, ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கார் பந்தயம் ஓட்டினார்கள். வீடே அதிர்ந்தது. சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. விளக்கு வெள்ளையாக மினுக்கிவிட்டு அணைந்தது. இந்த முறையும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் நாள் எவ்வளவு தெரியாதவனாக இருந்தேனோ, மூன்றாம் நாளும் அவ்வளவே தெரியாதவனாக இருந்தேன். அந்தத் தம்பி என் வேலையை முடித்துக் கொடுத்தார், எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பெரியவர்களுக்குச் செய்கிற உதவியில் பெரும்பங்கு இப்படித்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்த முறை அவருக்குப் போன் போட்டேன். "தம்பி, நீ வர வேண்டாம். எந்தப் பட்டன் என்றும் சொல்ல வேண்டாம். அந்த ஒயர் எதுக்கு, அது மட்டும் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "சார், அது முதல்ல ஒயர் வழியாத்தான் பெட்டியைத் தெரிஞ்சுக்கும். அப்புறம்தான் காத்துல பேசும். ஒரு நேரத்துல ஒரு பெட்டியைத்தான் ஞாபகம் வச்சுக்கும். வேற எதோடயாவது சேத்தா இதை மறந்துடும்."

நான்கு வாக்கியம். எனக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

பேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், முந்தின நாள் அப்பாவின் லேப்டாப்போடு அந்தக் கன்ட்ரோலரைச் சேர்த்து ஏதோ ஆடிப்பார்த்திருக்கிறான். ஊரில் இருக்கும்போதும் அப்படிச் செய்திருக்கிறான். அதாவது கன்ட்ரோலர் கெட்டுப்போகவே இல்லை. அதன் ஞாபகத்தில் லேப்டாப் இருந்தது. நாம் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அது மாடியில் மூடிக்கிடக்கும் லேப்டாப்பைத் தேடி, கிடைக்காமல் அணைந்துபோயிருக்கிறது.

இயற்பியல் வாத்தியார் இதற்கு மேல் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கன்ட்ரோலர் பேசுவது ப்ளூடூத் என்ற முறையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அலைநீளம் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர் வரும். அரைச் சாண் என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு வைஃபையும் இதே இடத்தில் ஓடுவதுண்டு. மைக்ரோவேவ் அடுப்பும் இதே வட்டாரம். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி நெரிசலான இடம் அது.

அந்த நெரிசலில் எப்படிப் பேசுவது? ஒரே இடத்தில் நின்று பேசாமல் தாவித் தாவிப் பேசுகிறார்கள். ப்ளூடூத்தின் மூல முறையில் அந்த அலைவரிசையை 79 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு 1600 முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள். ஒரு பாதையில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த கணம் வேறு பாதைக்குப் போய்விடலாம். அலைவரிசை தாவும் இந்த யோசனைக்கு 1942-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகை. இன்னொருவர் ஜார்ஜ் ஆன்தீல் என்ற இசையமைப்பாளர். கப்பலிலிருந்து செலுத்தும் டார்பிடோவை எதிரி குழப்பிவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் யோசித்தது. நடிகை என்றால் நடிக்க மட்டும்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்.

ஆனால் தாவுகிற இரண்டு பேருமே ஒரே வரிசையில் தாவ வேண்டும். ஒருவர் ஏழாம் பாதைக்குப் போகும்போது இன்னொருவர் நாற்பதாம் பாதையில் நின்றால் பேச்சு ஏது? "நீ யார், நான் யார், நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல் எது" என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் 'பேரிங்' என்கிறார்கள். ஜோடி சேர்ப்பது. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் இந்த அறிமுகம் யூ.எஸ்.பி. ஒயர் வழியாக நடக்கிறது. சொருகியதும் பெட்டி தன் முகவரியையும் ரகசியச் சாவியையும் கன்ட்ரோலருக்குள் எழுதிவிடுகிறது. பிறகு ஒயரைக் கழற்றிவிடலாம்.

மற்ற பெட்டிகளிலும் வழிதான் வேறே தவிர விஷயம் ஒன்றே. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் சின்னக் கன்ட்ரோலர்களைப் பெட்டியின் இரு பக்கமும் உள்ள தண்டவாளத்தில் சறுக்கிச் செருகினாலே அறிமுகம் முடிந்தது. எக்ஸ்பாக்ஸில் பெட்டியிலும் கன்ட்ரோலரிலும் இதற்கென்றே தனித்தனிப் பட்டன் உண்டு. 2002-இல் நின்டெண்டோ வெளியிட்ட வேவ்பேர்ட் என்ற ஒயர் இல்லாத கன்ட்ரோலரில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. பதினாறு எண்கள். கன்ட்ரோலரில் எந்த எண்ணோ அதையே பெட்டியில் மாட்டிய வாங்கியிலும் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் பேசும். எனக்குப் பிடித்தது அதுதான். என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது பாருங்கள்.

சரி, ஒயர் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் ஒரு ஒயர் இருந்தது, முனையும் பொருந்தியது. டார்ச் லைட்டோடு வந்த ஒயர். சொருகினேன். விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மெதுவாக எரிந்து எரிந்து அணைந்தது. சார்ஜ் ஏறுகிறது. ஆக ஒயர் நல்ல ஒயர் என்று நினைத்தேன். பட்டனை அழுத்தினேன். வெள்ளையாக மினுக்கிவிட்டு மறுபடியும் ஆரஞ்சு. ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன். என் மனைவி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, அந்தத் தம்பியையே வரச் சொல்லிடுங்களேன்" என்றாள். "வேண்டாம்" என்றேன். வீம்புதான்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மின்சாரம் போகிறது, செய்தி போகவில்லை. இரண்டும் ஒரே கம்பியில் போகுமா? போகாதே. சாதாரண யூ.எஸ்.பி. ஒயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. அந்த டார்ச் லைட் ஒயரை எடுத்து, நடுவில் பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே இரண்டே கம்பி. சிவப்பு, கறுப்பு. அவ்வளவுதான். சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்த மலிவு ஒயர் அது. சாப்பாடு போடும், பேசாது.

அந்த இரண்டு கம்பியைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஓய்வு பெற்று இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததாக ஞாபகம் இல்லை. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தாத்தா, ஒயரை அறுத்துட்டீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேசை டிராயரில் என் பழைய போனின் ஒயர் கிடந்தது. அந்தக் காலத்தில் அதை வைத்துத்தான் போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்களை ஏற்றுவோம். ஆகவே அதில் செய்திக் கம்பி இருந்தே தீர வேண்டும். சொருகினேன், நடுப் பட்டனை அழுத்தினேன். முதல் கன்ட்ரோலர் நீலம், இது சிவப்பாக எரிந்தது. சிவப்பு என்றால் இரண்டாவது ஆட்டக்காரர். டிவியில் ஒரு கேள்வி வந்தது: இந்தக் கன்ட்ரோலரை இப்போது யார் வைத்திருக்கிறீர்கள் என்று. என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. விருந்தாளி என்று ஒரு இடம் இருந்தது. அதை அழுத்தி உள்ளே போனேன். மருமகள் எடுத்த படம் அந்த நேரத்துப் படம்தான். முதல் பந்தயத்தில் சுவரில் மோதிக் கடைசியாக வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இது மற்றவர்கள் மேல் புகார் சொல்லும் பதிவு என்று நினைக்க வேண்டாம். முதல் குற்றவாளி நான்தான்.

1993 என்று ஞாபகம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை வகுப்பு. மீட்டர் சமனச்சுற்று. ஒரு மாணவி சுற்றை இணைத்துவிட்டு நின்றாள். கால்வனாமீட்டர் முள் கம்பியின் எந்த இடத்தில் தொட்டாலும் ஒரே பக்கம் ஓடியது. எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் தேடினாள். எனக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள், மணி அடிக்கப் பத்து நிமிடம். "தள்ளு" என்று சொல்லி ஒயரை அவள் கையிலிருந்து வாங்கி, ஐந்து நொடியில் சரிசெய்துவிட்டு, "அளவை எழுது" என்று போய்விட்டேன். முழு மதிப்பெண்ணும் வாங்கினாள். நல்லாசிரியர் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். வங்கியில் வேலை, நன்றாக இருக்கிறாள். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், அன்னைக்கு நீங்க ஒயரைப் பிடுங்கினதுக்கப்புறம் நான் எந்த ஒயரையும் தொட்டதே இல்ல சார். வீட்ல ஃப்யூஸ் போனாக்கூட அவர்தான்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்னும் இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். அந்த முள் நடுவில் வந்து நின்றதை அவள் கை செய்ததாக ஆகியிருக்கும். அதை நான் எடுத்துக்கொண்டேன். அவள் இந்தப் பதிவைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். அம்மா, அன்று கல்யாண வீட்டில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

இப்போது வயது திரும்பிவிட்டது. நாங்கள் மேசைக்கு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். போனை எடுத்து எதையாவது செய்ய ஆரம்பித்தால் "குடுங்க, நான் பண்றேன்" என்று ஒரு கை வருகிறது. அன்பான கைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கை வரும்போது, "இது உனக்கானது இல்லை" என்று ஒரு செய்தியும் சேர்ந்தே வருகிறது. பத்து முறை வந்தால் நாங்களே நம்பிவிடுகிறோம். பிறகு நாங்களாகவே கையை நீட்டி, "இந்தாப்பா, நீயே பண்ணிடு" என்று கொடுத்துப் பழகிவிடுகிறோம்.

பழகினால் என்ன கெட்டுவிட்டது, விளையாட்டுச் சாமான்தானே என்று கேட்கலாம். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். கணக்கு வாத்தியார், மனக்கணக்கில் புலி. வீட்டில் எதற்கும் பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் பழகியவர். பிள்ளை வெளிநாடு போனபின் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கொடுத்தார். உயிர்வாழ் சான்று பதிய ஒருவர், கரன்ட் பில் கட்ட ஒருவர், பணம் எடுக்க ஒருவர். போனில் வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டவர்களிடமெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவன் போனில் கேட்டான். அவனுக்கும் படித்துக் காட்டினார். சேமிப்பில் பெரிய பங்கு போய்விட்டது. அவர் முட்டாள் இல்லை. அந்த எண் எதற்கு என்று யாரும் அவருக்கு ஒரு வாக்கியத்தில்கூடச் சொன்னதில்லை. அவருக்கு எல்லாரும் செய்து மட்டுமே கொடுத்திருந்தார்கள்.

கன்ட்ரோலரையும் ஓ.டி.பி.யையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பழக்கம் ஒன்றுதான் என்கிறேன். 'எதற்கு' என்று தெரியாமல் அழுத்துகிற விரல், யார் சொன்னாலும் அழுத்தும்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஆபீஸ் நெருக்கடி. நாங்கள் கேட்டதையே கேட்போம். சொல்லும்போது தலையை ஆட்டுவோம், மறுநாள் மறப்போம். "எனக்குத் தெரியாதா" என்று ஒரு பக்கம் கௌரவம், "எனக்கென்னப்பா தெரியும்" என்று இன்னொரு பக்கம் சோம்பல். இரண்டும் எங்களிடம் உண்டு. என் வயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன்: நாம் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தோமே, நோட்டு எடுத்து எழுது என்று, அதை நாம் செய்கிறோமா? செய்வதில்லை.

நான் செய்தேன். ஒரு காகிதத்தில் எழுதி டிவி மேசை ஓரம் ஒட்டியிருக்கிறேன். பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் வீட்டிலும் ஒட்டிக்கொள்ளலாம்:

1. விளக்கு வெள்ளையாக மினுக்கி அணைந்தால் கன்ட்ரோலர் வேறு எதையோ ஞாபகம் வைத்திருக்கிறது, அல்லது யாரையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. பயப்பட வேண்டாம்.

2. பெட்டியை ஆன் செய்து, செய்திக் கம்பி உள்ள ஒயரால் (டிராயரில் உள்ள கறுப்பு ஒயர், பழைய போனுடையது) கன்ட்ரோலரைப் பெட்டியோடு இணைக்கவும்.

3. நடுவில் உள்ள பிஎஸ் பட்டனை ஒருமுறை அழுத்தவும். நீலம், சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு, இதில் ஒரு நிறம் நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. ஒயரைக் கழற்றலாம்.

4. எதுவுமே நடக்கவில்லை என்றால் பெட்டியை முழுதாக அணைக்கவும். கன்ட்ரோலரின் பின்பக்கம் எல்2 பட்டன் அருகில் ஊசி நுழையும் ஓட்டை இருக்கும். அதற்குள் ஊக்கு முனையால் சில நொடி அழுத்தி எடுக்கவும். அதன் ஞாபகம் அழிந்துவிடும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கவும்.

5. லேப்டாப்போடு சேர்த்தவர், ஆடி முடித்ததும் மறுபடியும் பெட்டியோடு சேர்த்துவைக்க வேண்டியது அவர் பொறுப்பு. (இது பேரனுக்கு.)

ஒட்டிய அன்றே பேரன் ஐந்தாவது விதியை மீறினான். இந்த முறை பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா, நீங்க பண்ணாதீங்க, நான் பண்றேன். நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒயரைத் தலைகீழாகச் சொருகப் பார்த்தாள். என் கை தானாக எழுந்தது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம், சும்மா போகுமா? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவளே திருப்பிச் சொருகினாள். நான்கு நிமிடம் ஆனது. எனக்கு நாற்பது நிமிடம் மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அந்த மாணவியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று அப்போது தோன்றியது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ எதையாவது சொல்லிக்கொடுக்கும்போது கருவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும். உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் என்னைப் போல் அதன் மேல் உட்காருங்கள்.

இரண்டு: எந்தப் பட்டன் என்று சொல்வதற்கு முன் எதற்கு என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். பட்டன் அடுத்த வருடம் இடம் மாறிவிடும். காரணம் மாறாது.

மூன்று: போவதற்கு முன், அவர்கள் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எழுதுவதற்குள் பாதி மனதில் ஏறிவிடும்.

நேரம் இல்லாத நாளில் செய்தே கொடுத்துவிடுங்கள், தப்பில்லை. ஆனால் "ஒண்ணுமில்ல, சின்ன விஷயம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித்தருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னால் வாருங்கள். காபி நிச்சயம் உண்டு.

அப்புறம் ஒரு சின்னச் செய்தி. நேற்று இரவு மாடியிலிருந்து இறங்கி வந்த மகன், டிவி ஓரத்துக் காகிதத்தை நின்று படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை நான் கன்ட்ரோலரை எடுத்துப் பட்டனை அழுத்தியபோது, யார் வைத்திருக்கிறீர்கள் என்ற பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. 'அப்பா' என்று போட்டிருந்தான்.

உங்கள் வீட்டில் இந்த மாதிரி கையிலிருந்து பிடுங்கிய கதை, பிடுங்கப்பட்ட கதை இருந்தால் கீழே எழுதுங்கள். என்னிடம் பிடுங்கப்பட்டவர்களும் எழுதலாம். பெயரோடு எழுதுங்கள், ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்